போர்முனைக்குப் போன தருமப் பணம்

உண்டியலிற் காசு போடுகிறவன் கணக்குக் கேட்கும் வழக்கம் நம்மிடத்தில் இல்லை. போட்ட மாத்திரத்திலே புண்ணியம் கைகூடிற்றென்று எண்ணி அவன் தன் வழியே போய்விடுகின்றான். தோட்டத்திற் சம்பள நாளன்று, கடன்காரனுக்கும் கடைக்காரனுக்கும் நடுவே நின்று, சீட்டும் பென்சிலுமாக நிதி வசூலித்தவர்களை நம் முதியோர் நன்கறிவர். வெள்ளத்திற்கென்றும் பஞ்சத்திற்கென்றும் யுத்தத்திற்கென்றும் அவர்கள் பல பெயர் சொன்னார்கள், நம்மவரும் கொடுத்தனர். கொடுத்தது தவறென்று நாம் சொல்ல வரவில்லை. கொடுத்த வெள்ளி எந்தக் கப்பலேறிற்று, எந்தத் துறைமுகத்தில் எவன் கைக்குப் போயிற்று, அதனால் ஆங்கு விளைந்தது யாது என்று கேட்பதும் ஈகையிற் சேர்ந்ததே என்பதைத்தான் சொல்ல வந்தோம்.

இக்கேள்விக்கு மிகத் தெளிவான விடை ஆப்பிரிக்காக் கண்டத்தின் போர்ச் சரித்திரத்திலே கிடைக்கின்றது. படைத்தலைவர்களின் வீரத்தை எழுதிய சரித்திரக்காரர் ஆயிரவர். அப்படைகளுக்கு நடுவே பட்டினி கிடந்த ஜனங்களுக்காகத் திரட்டப்பட்ட பணத்தின் கதையை எழுதினோர் சிலரே. போரிலே துப்பாக்கிக்குப் பணம் வந்த வழியை ஆராய்வதுபோலவே பால்மாவுக்குப் பணம் வந்த வழியையும் ஆராயவேண்டும். இரண்டும் சில சமயங்களில் ஒரே வழியாகவே வந்திருக்கின்றன.

1899ஆம் ஆண்டு முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் நடந்த யுத்தத்தை முதலிற் காண்போம். போயர்கள் வெளிப்படையாக நின்று போரிடுவதை விட்டு, மறைந்திருந்து தாக்கத் தொடங்கியபோது, ஆங்கிலச் சேனாதிபதி கிச்சனர் அவர்களுடைய பண்ணைகளைக் கொளுத்துவித்தார். வீடிழந்த பெண்டிரையும் பிள்ளைகளையும் கூடார முகாம்களிலே அடைப்பித்தார். கணவனோ மகனோ இன்னும் சரணடையாமற் போர்புரியும் குடும்பங்களுக்கு, 1901ஆம் ஆண்டின் தொடக்கம் வரையில், ஏனையோரினும் குறைந்த ரேஷனே கொடுக்கப்பட்டது. உணவை ஆயுதமாக்கும் வித்தை புதிதன்று என்பதற்கு இது சான்று.

இச்செய்தி லண்டனுக்கு எட்டியபோது எமிலி ஹாப்ஹவுஸ் என்னும் அம்மையார் பெண்டிர் பிள்ளைகளின் துயர் தீர்க்க ஒரு நிதி தொடங்கினார். நிதி திரட்டியதோடு நில்லாமல், அது செலவாகும் இடத்தைத் தம் கண்ணாற் காண 1900 டிசம்பரிற் கேப் டவுன் சென்று இறங்கினார். முகாம்களிலே சோப்புக் கூட இல்லை. கேட்டதற்கு, சோப்பு ஒரு சுகபோகப் பொருள் என்று உத்தியோகஸ்தர்கள் விடை கூறினராம்! அம்மையார் திரும்பிவந்து 1901 ஜூனில் வெளியிட்ட அறிக்கை இங்கிலாந்தையே கலக்கிற்று. அவ்வாண்டு அக்டோபரில் அவர் மறுபடி சென்றபோது கரையிறங்கவே விடாமல் சர்க்கார் அவரைத் திருப்பி அனுப்பிற்று. ஆயினும், மில்லிசென்ட் பாஸெட் அம்மையாரின் தலைமையிற் சர்க்காரே ஒரு பெண்டிர் குழுவை அனுப்ப நேர்ந்தது, முகாம்களின் நிருவாகம் இராணுவத்தின் கையிலிருந்து மாறிற்று, சாவும் குறைந்தது. அதற்குள் ஏறக்குறைய 28,000 போயர்கள் முகாம்களிலே மாண்டுபோயினர். அவர்களுட் பெரும்பாலோர் குழந்தைகள்.

இவ்வளவும் பள்ளிப் புத்தகங்களில் உள்ளது. அப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லாது விட்டதொன்று உண்டு. அதே யுத்தத்தில், அதே பண்ணைகளிலிருந்து துரத்தப்பட்ட கறுப்பு மக்களுக்கும் வேறு முகாம்கள் இருந்தன. அவற்றில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டோர் அடைக்கப்பட்டனர். கணக்கில் ஏறிய சாவு மாத்திரம் 14,000க்கு மேல். இவர்கள் பொருட்டு லண்டனில் எந்த விருந்து மண்டபத்திலும் தட்டு ஏந்தப்படவில்லை. வெள்ளையர் முகாமில் ரேஷன் இலவசம். கறுப்பர் முகாமிலோ ஆண்கள் இராணுவத்திற்கு வேலை செய்ய, குடும்பம் சோளத்தை விலை கொடுத்து வாங்கவேண்டியிருந்தது. ஹாப்ஹவுஸ் அம்மையார் சுதேசிகளின் முகாமொன்றைப் பற்றித் தம் அறிக்கையிலே குறிப்பிட்டார். சென்று பார்க்க அவருக்கு இயலவில்லை. அந்த உத்தமியைக் குறை கூற எமக்கு மனம் வரவில்லை. ஆயினும் இரக்கத்திற்கும் நிறம் உண்டு, பணம் அந்த நிறத்தைப் பார்த்தே நடந்தது என்பதை மறைத்தல் சரித்திரமாகாது.

அதே யுத்தத்தில் நம்மவரும் இருந்தனர். நேட்டாலிலே காந்தியார் திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறக்குறைய 1,100 பேர். அவர்களுட் சுமார் 300 பேர் சுதந்திர இந்தியர், மற்றையோர் கரும்புத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகளிற் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்திற் கப்பலேறியவர் என்பது மலாயாத் தோட்டத்தின் பழங்கதையறிந்த நேயர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. ஸ்பியன் கோப் குன்றிலிருந்து காயமுற்ற ஆங்கிலச் சிப்பாய்களைத் தோளிற் சுமந்து இறக்கியவர்கள் இவர்களே. யுத்தம் முடிந்தபின் பதக்கம் தலைவர்களுக்குக் கிடைத்தது.

நிற்க. அபிசீனியா என்று அக்காலத்தில் வழங்கிய எத்தியோப்பியாவின் மீது 1935 அக்டோபர் 3ஆம் தேதி முஸோலினியின் படைகள் பாய்ந்தன. அத்தேசத்தின் செஞ்சிலுவைச் சங்கத்திற்கு அப்போது வயது மூன்று மாதமே. ஸ்வீடன், இங்கிலாந்து, நார்வே, ஹாலந்து, பின்லாந்து, எகிப்து முதலிய தேசங்களின் சங்கங்கள் பணம் திரட்டி வைத்தியக் குழுக்களை அனுப்பின. கூடாரங்களின் மேல் செஞ்சிலுவைக் குறி பெரிதாக விரிக்கப்பட்டிருந்தது. 1935 டிசம்பர் 30ஆம் தேதி, மெல்கா டிடா என்னுமிடத்தில் ஸ்வீடன் குழுவின் கூடாரங்கள் மேல் இத்தாலிய விமானங்கள் குண்டு பொழிந்தன. நோயாளிகள் பலரும், ஸ்வீடன் தேசத்துப் பணியாளர் ஒருவரும் மாண்டனர். விஷப் புகை வீசப்பட்டதையும் ஜினீவாவின் பிரதிநிதிகள் நேரிற் கண்டு தங்கள் தலைமை நிலையத்திற்கு எழுதினர். ஜினீவா வாய் திறக்கவில்லை. நடுநிலைமை என்ற பெயரால் அன்று மூடிய வாய் அது. விஷப் புகை வீசியதை இத்தாலியச் சர்க்கார் ஒப்புக்கொண்டது 1996ஆம் ஆண்டிலேதான்.

அந்தச் செஞ்சிலுவைப் பணியிலே ஆம்புலன்ஸ் விமானம் ஓட்டிய ஸ்வீடன் இளைஞன் ஒருவன் இருந்தான். கார்ல் கஸ்டாவ் வான் ரோஸன் என்பது அவன் பெயர், பிரபு குலத்தான். இவனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்க. மீண்டும் வருவான்.

இனிப் பயாப்ராவிற்கு வருவோம். இக்கட்டுரையின் உயிர்நிலை அதுவே.

நைஜீரியா தேசம் 1960இல் ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்றது. 1966இல் இரண்டு இராணுவப் புரட்சிகளும், வட மாகாணத்தில் வாழ்ந்த இக்போ மக்கள் பல்லாயிரவரின் படுகொலையும் நேர்ந்தன. உயிர் தப்பியோர் கிழக்கு மாகாணத்திற்கு ஓடிவந்தனர். 1967 மே 30ஆம் தேதி அம்மாகாணத்தின் இராணுவ கவர்னர் ஓஜுக்வு, பயாப்ரா என்னும் தனி நாட்டைப் பிரகடனம் செய்தார். ஜூலையிற் போர் மூண்டது. நைஜீரியாவின் தலைவர் கோவான் கடலையும் எல்லையையும் அடைத்தார். 1968 மே மாதத்தில் ஹார்க்கோர்ட் துறைமுகம் வீழ்ந்தபின், பயாப்ராவுக்குக் கடலுமில்லை; எண்ணெயுமில்லை; எஞ்சியது ஆகாய மார்க்கம் ஒன்றே.

அக்கோடையில் ஐரோப்பியப் பத்திரிகைகளிலே வயிறு வீங்கி, மயிர் செம்பட்டையாகிய குழந்தைகளின் படங்கள் வெளிவந்தன. புரதச் சத்தில்லாத உணவால் வரும் அந்நோய்க்குக் குவாஷியோர்கோர் என்று பெயர். மேற்கு ஆப்பிரிக்காவின் கா மொழிச் சொல் அது. தம்பி பிறந்தவுடன் தாய்ப்பால் மறுக்கப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது பொருள். இச்சொல்லை 1930களில் வைத்திய உலகிற்கு அறிவித்த ஸிஸிலி வில்லியம்ஸ் அம்மையார் பின்பு மலாயாவிற்கே மாற்றலாகி வந்தார். 1939இல் சிங்கப்பூரிலே, தாய்ப்பாலுக்குப் பதில் இனிப்பு டப்பாப் பாலை விற்கும் வியாபாரத்தைக் கொலை என்றே சாடிப் பேசினார். ஜப்பானியர் காலத்திற் சாங்கியில் அடைபட்டும் கிடந்தார். பயாப்ராக் குழந்தையின் வயிற்றைக் கண்டறிந்த கண்கள் நம் ஊர்க் குழந்தைகளையும் கண்டவை என்பதைச் சொல்லவே இந்தச் சிறு விலகல்.

படங்கள் பணமாக மாறின. அயர்லாந்திலே, ஜெர்மனியிலே, ஸ்காண்டிநேவிய தேசங்களிலே, அமெரிக்காவிலே பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்தனர். அயர்லாந்துப் பாதிரிமார் பல ஆண்டுகளாக இக்போ மக்களிடையே பள்ளியும் ஆஸ்பத்திரியும் நடத்தி வந்தவராதலின், ஒவ்வொரு ஐரிஷ் கிராமத்திற்கும் பயாப்ராவிலிருந்து கடிதம் வந்தது. இஃது உண்மையான இரக்கம். அதனுடனே விலைக்கு வாங்கிய பிரசாரமும் கலந்திருந்தது. ஜினீவாவில் மார்க்பிரஸ் என்னும் விளம்பரக் கம்பெனிக்குப் பயாப்ரா சர்க்கார் பணங்கொடுத்து, செய்தியறிக்கைகளை உலகப் பத்திரிகைகளுக்கு நூற்றுக்கணக்கில் அனுப்பச் செய்தது. பட்டினி மெய், அப்பட்டினியைச் சந்தைக்குக் கொண்டுவந்த முறை வியாபார முறை. இவ்விரண்டையும் ஒருசேர மனத்திற் கொள்ளுதல் எளிதன்று. கொள்ளாதவன் இப்போரின் சரித்திரத்தை எழுதலாகாது.

பணம் வந்தாயிற்று. உணவு எப்படிப் போய்ச் சேர்வது? போர்த்துக்கீசருடைய சாவோ தோமே தீவிலிருந்து கிறிஸ்தவ சபைகளும், பெர்னாண்டோ போ தீவிலிருந்து செஞ்சிலுவைச் சங்கமும் இரவில் விமானங்களை அனுப்பின. இறங்கும் இடம் உலி. அது விமான நிலையமன்று. அகலப்படுத்தப்பட்ட ஒரு சாலை. விமானம் தலைக்குமேல் வந்தபின் சில நொடிகள் விளக்கெரியும், இறங்கியதும் அணையும். மேலே நைஜீரியாவின் கூலி விமானி ஒருவன் குண்டுகளுடன் வட்டமிடுவான். அந்த இருட்டிலே நார்வே தேசத்துக் கருவாட்டுக் கட்டுகளும், பால்மாவும், உப்பும் மூட்டை மூட்டையாக இறங்கின. காட் என்னும் மீனை உப்பிடாமற் காயவைத்த அக்கருவாடு இக்போ மக்களுக்கு முன்னரே பழகிய உணவு. ஆதலின் அது வீணாகவில்லை. கிறிஸ்தவ சபைகளின் கூட்டுச் சங்கம் மாத்திரம் போர் முடியுமளவில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட முறை பறந்து, ஏறக்குறைய 60,000 டன் பொருள்களை இறக்கிற்று. இருபதுக்கு மேற்பட்ட விமானிகளும் பணியாளரும் அவ்விருட்டிலே உயிரிழந்தனர்.

இனிக் கணக்குப் புத்தகத்தைத் திறப்போம். முதற் பக்கம் வாடகை. தொடக்கத்தில் பாதிரிமாரிடம் விமானங்கள் இல்லை. உலிக்கு வழியறிந்த விமானங்கள் பயாப்ராவுக்கு ஆயுதம் ஏற்றிச் சென்றவை மாத்திரமே. ஆகவே ஹாங்க் வார்ட்டன் என்னும் அமெரிக்கனுடைய ஆயுத விமானங்களிலேயே பால்மாவுக்கும் இடம் வாடகைக்கு எடுக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயில் தட்டில் விழுந்த காசு ஆயுத வியாபாரியின் வாடகைச் சீட்டில் வரவாயிற்று. பின்னர்ச் சபைகள் சொந்தமாக விமானங்கள் அமர்த்திக்கொண்டன. அமெரிக்கச் சர்க்கார் எட்டுப் பழைய இராணுவச் சரக்கு விமானங்களைப் பெயரளவான விலைக்குச் சபைகளுக்கும் செஞ்சிலுவைக்கும் கொடுத்தது. ஆயுத விமானங்கள் அவற்றோடு கலந்து, அதே இரவில், அதே சாலையிலே தொடர்ந்து இறங்கின. நிவாரண விமானம் ஆயுத விமானத்திற்கு மறைப்பாயிற்று.

இரண்டாவது பக்கம் வரி. உலியில் இறங்குவதற்குப் பயாப்ரா சர்க்கார் கட்டணம் வசூலித்தது. மூன்றாவது பக்கம் நாணய மாற்று. ஆராய்ச்சியாளர் நுணுகிப் பார்க்கவேண்டிய பக்கம் இதுவே. 1968 ஜனவரியில் நைஜீரியா தன் நோட்டுகளை மாற்றியது. எதிரியிடமுள்ள பழைய நோட்டுகள் செல்லாக்காசாக வேண்டுமென்பது நோக்கம். அம்மாதமே பயாப்ரா தன் சொந்த நாணயத்தை வெளியிட்டது. அந்த நோட்டுக்கு வெளியுலகில் யாதொரு மதிப்புமில்லை. ஆனால் முகாம் பணியாளருக்குக் கூலி கொடுக்கவும், உள்ளூரிலே வள்ளிக்கிழங்கு வாங்கவும், லாரி ஓட்டவும் நிவாரணச் சங்கங்களுக்கு அந்த நோட்டுத் தேவைப்பட்டது. ஐரோப்பாவிலுள்ள வங்கிகளிற் பயாப்ராவின் கணக்கிலே நல்ல நாணயத்தைக் கட்டி, சர்க்கார் குறித்த விலைக்கு இந்த நோட்டை அவர்கள் வாங்கினர். அந்த நல்ல நாணயம் எதற்குச் செலவாயிற்று? எண்ணெயும் துறைமுகமும் இழந்து, முற்றுகையில் அகப்பட்ட ஒரு சர்க்காருக்கு வெளிநாட்டிலே பணம் தேவைப்பட்ட காரியம் யாதென்று சிந்திப்போர்க்கு விடை தானே தோன்றும்.

நைஜீரியாவின் பக்கம் சுத்தமென்று எவரும் மயங்க வேண்டா. பட்டினியும் போரில் நியாயமான ஆயுதமே என்று அச்சர்க்காரின் முக்கியஸ்தர்கள் கூசாமற் பேசினர். இங்கிலாந்து ஒரு கையால் நைஜீரியாவுக்கு ஆயுதம் விற்று, மறு கையால் நிவாரண நிதிக்கு நன்கொடை கொடுத்தது. ருஷியா விமானங்கள் தந்தது. பிரான்ஸ் தேசமோ கேபான், ஐவரி கோஸ்ட் வழியாகப் பயாப்ராவிற்கு ஆயுதம் அனுப்பிக்கொண்டே தன் செஞ்சிலுவை வைத்தியர்களையும் அனுப்பிற்று. அவ்வைத்தியர்களுட் சிலர் ஜினீவாவின் மௌனத்தைப் பொறாது வெளியேறி, 1971இல் எல்லையற்ற மருத்துவர்கள் என்னும் சங்கத்தை நிறுவினர். அபிசீனியாவில் மூடிய வாய் முப்பத்தைந்து ஆண்டுகட்குப் பின் இவ்வாறு ஒரு புதுச் சங்கத்தைப் பெற்றெடுத்தது.

பகலில் விமானம் விட்டிருந்தால் இருட்டின் ஆபத்தெல்லாம் நீங்கியிருக்குமன்றோ என்று நேயர்கள் கேட்கலாம். நைஜீரியா, தன் அதிகாரிகள் சரக்கைச் சோதித்தபின் பகலிற் செல்லலாமென்றது. தரைமார்க்கமாகவும் உணவனுப்ப இசைந்தது. ஓஜுக்வு இரண்டையும் மறுத்தார். எதிரி உணவில் நஞ்சிடுவான் என்பது ஒரு காரணம். பகல் விமானத்தைத் தொடர்ந்து எதிரியின் போர் விமானம் வரும் என்பது மற்றொன்று. இரவிலே நிவாரணம் நின்றால் ஆயுத விமானங்கள் தனித்து அகப்படும் என்பது வெளியிற் சொல்லாத மூன்றாவது. 1966இன் படுகொலையைக் கண்ட மக்களுக்கு முதலிரண்டு அச்சமும் பொய்யச்சமன்று. ஆயினும் குழந்தைகள் காத்திருக்கையிலே தலைவர்கள் இவ்வாறு வாதாடிக்கொண்டிருந்தனர் என்பதை எப்பக்கத்துச் சரித்திரமும் மாற்ற வல்லதன்று.

1969 ஜூன் 5ஆம் தேதி செஞ்சிலுவை விமானமொன்றை நைஜீரியப் போர் விமானம் சுட்டு வீழ்த்திற்று, விமானிகள் மாண்டனர். சில நாட்களில், செஞ்சிலுவையின் நிவாரண அதிகாரியாகிய அவுகுஸ்ட் லிண்ட் நைஜீரியாவிலிருந்து விலக்கப்பட்டார். செஞ்சிலுவை பறப்பதை நிறுத்திற்று. சபைகளின் விமானங்கள் நிற்கவில்லை.

வான் ரோஸன் இப்போது வருகின்றான். இளைஞனல்லன், அறுபதை அணுகும் பிரபு. 1968 ஆகஸ்டில் ஒரு ஸ்வீடன் கம்பெனியின் விமானத்தை மரங்களின் தலையை உரசுமளவு தாழப் பறப்பித்து, பகலிலேயே உலியிலிறங்கி, பாதிரிமாருக்கு வழிகாட்டினான். குழந்தைகளைக் கண்டான். மனம் பொங்கிற்று. அடுத்த ஆண்டு மே மாதம் ஐந்து சிறு விமானங்களிற் குண்டெறி கருவிகள் பூட்டி, ஹார்க்கோர்ட் துறைமுக நகரின் விமான நிலையத்தைத் தாக்கினான். அந்தத் தாக்குதலுக்கு இரண்டு வாரங்களுக்குப் பின்னரே செஞ்சிலுவை விமானம் சுடப்பட்டது. பால்மா சுமந்த கை குண்டெறிந்தால், பால்மா சுமக்கும் மற்றக் கைகளை எதிரி எங்ஙனம் நம்புவான்? வான் ரோஸனின் நெஞ்சிலிருந்தது இரக்கமே என்பதில் எமக்கு ஐயமில்லை. அவ்விரக்கத்திற்கு விலை கொடுத்தவர் பிறர்.

இந்த நிவாரணமே போரைப் பதினெட்டு மாதம் நீட்டிற்றென்றும், அதனால் மாண்டோர் லட்சத்துக்கு மேற்பட்டவரென்றும், ஆதலின் அது பெருந்தவறென்றும் இயன் ஸ்மில்லி என்னும் கனடா தேசத்து நிவாரணப் பணியாளர் பிற்காலத்தில் எழுதினார். நிவாரணத் தொழிலுக்குள்ளேயே வாழ்ந்தவர் சொன்ன சொல்லாதலின் அதை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆயினும் எமக்கு உடன்பாடில்லை. போரை நீட்டியவை ஆயுதங்களும், இருபக்கத்துத் தலைவர்களின் பிடிவாதமும், எண்ணெயை நோக்கிய வெளிநாட்டார் கண்ணும். உணவு வாராதிருந்தால் போர் விரைவில் முடிந்திருக்கும் என்பது மெய்யாகலாம். யாருடைய சாவினால் முடிந்திருக்கும் என்பதை அந்தக் கணக்குச் சொல்லுவதில்லை. நாம் குறை கூறுவது கொடுத்தவரை அன்று. வாடகைச் சீட்டையும் நாணய மாற்றையும் அறிந்திருந்தும், காசு கொடுத்த ஏழைக்கு அதைச் சொல்லாது மறைத்தவரை. சொன்னால் காசு நின்றுவிடும் என்று அஞ்சினர் போலும். ஏழை அவ்வளவு பேதையல்லன்.

போர் 1970 ஜனவரியில் முடிந்தது. ஓஜுக்வு விமானமேறி அயல்நாடு போயினார். மாண்டோர் பத்து லட்சத்துக்குக் குறையாரென்று பலர் கணித்திருக்கின்றனர். அதிலும் கூட்டிச் சொல்வோர் உண்டு. அஞ்சிய படுகொலை நிகழவில்லை. வென்றவருமில்லை, தோற்றவருமில்லை என்றார் கோவான். ஆனால் பயாப்ராவுக்கு உதவிய சபைகளின் நிவாரணம் தமக்கு வேண்டாவென்றும் சொல்லிவிட்டார். மறுகரையிலே பட்டினி தீர்ந்தபாடில்லை. தீவிலே மூட்டைகள் கிடந்தன.

இப்பாடம் பிற்காலத்தார்க்குப் பயன்பட்டதோ? 1984 அக்டோபரில் எத்தியோப்பியாவின் கொரெம் என்னுமிடத்துப் பஞ்சக் காட்சியை லண்டன் தொலைக்காட்சி காட்டிற்று. பாடகர்கள் கூடிப் பாடினர். 1985 ஜூலை 13ஆம் தேதி லண்டனிலும் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் பெருங்கச்சேரி நடந்தது. பத்துக் கோடி டாலருக்கு மேல் திரண்டதென்பர். உலகம் அதை மழை பொய்த்த பஞ்சம் என்று கேட்டது. மழை பொய்த்தது மெய்யே. ஆனால் டீக்ரே, எரித்திரியா மாகாணங்களிலே மெங்கிஸ்துவின் சர்க்கார் கிளர்ச்சிக்காரரோடு நடத்திய போரும் பயிரையும் சந்தையையும் அழித்திருந்தது. அச்சர்க்கார் ஒரு டாலருக்கு இரண்டு பிர் ஏழு காசு என்று விலை குறித்து வைத்திருந்தது. நிவாரணச் சங்கங்கள் அவ்விலைக்கே நாணயம் மாற்றவேண்டும். கள்ளச் சந்தையிலோ டாலரின் விலை அதிகம். பயாப்ராவின் மூன்றாவது பக்கம் மீண்டும் எழுதப்பட்டது. எழுதியவர் வேறு, எழுத்து ஒன்றே. ஏறக்குறைய ஆறு லட்சம் மக்களை வடக்கிலிருந்து தெற்கே பெயர்த்துக் கொண்டுபோனபோது நிவாரண லாரிகளும் அதற்குப் பயன்பட்டன. இதை வெளிப்படையாகக் கண்டித்த எல்லையற்ற மருத்துவர்கள் 1985 டிசம்பரில் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டனர். ஏனைய சங்கங்களிற் பெரும்பாலன வாய்மூடி இருந்துவிட்டன.

மறுபக்கத்தில், சூடான் எல்லையிலிருந்து கிளர்ச்சிக்காரரின் நிவாரணச் சங்கங்கள் இரவோடிரவாக லாரிகளில் தானியம் கொண்டுசென்றன. அவ்வழியிற் சென்ற பணத்தில் ஒரு பகுதி ஆயுதமாயிற்று என்று முன்னாட் கிளர்ச்சிக்காரர் சிலர் சொன்னதை 2010இல் லண்டன் வானொலி வெளியிட்டது. பாடகர் நிதியைச் சேர்ந்தோர் கடுமையாக மறுத்தனர். அந்நிதியின் பணமே ஆயுதமாயிற்று என்ற எண்ணத்தை உண்டாக்கியதற்கு வானொலியார் மன்னிப்புக் கேட்டனர். இத்தகைய செய்திகளிலே குற்றச்சாட்டையும் படிக்கவேண்டும், மன்னிப்பையும் படிக்கவேண்டும்.

1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து சிலநாட்களுக்குள் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் கோமா நகரத்தருகே அகதிகளாக வந்து குவிந்தனர். வாந்திபேதி பல்லாயிரவரைக் கொண்டுபோயிற்று. முகாம்களை ஆண்டவர்களோ, ருவாண்டாவில் இனப்படுகொலை செய்துவிட்டு ஓடிவந்த அதே அதிகாரிகளும் படைவீரரும். தலைக்கணக்கைக் கூட்டிச் சொல்லி உணவு பெற்று, மிச்சத்தை அவர்கள் விற்றனர். எல்லையற்ற மருத்துவர்களின் பிரெஞ்சுக் கிளை அவ்வாண்டு நவம்பரில் வெளியேறிற்று. மற்றச் சங்கங்கள் அகதிகளைக் கைவிடலாகாதென்று அங்கேயே தங்கின. எவர் செய்தது சரியென்று இன்றும் அவர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு.

வான் ரோஸன் என்ன ஆனான் என்று சொல்லாது விட்டோம். 1977இல் எத்தியோப்பியாவிலே நிவாரணப் பணிக்காக விமானம் ஓட்டிக்கொண்டிருந்தான். ஜூலை 13ஆம் தேதி, ஓகாடன் பிரதேசத்துக் கோடே என்னும் ஊரைச் சோமாலியப் படை தாக்கியபோது கொல்லப்பட்டான். நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் எந்தத் தேசத்திலே பணியைத் தொடங்கினானோ, அந்தத் தேசத்திலேயே முடிந்தான்.

பயாப்ரா நோட்டைப் பற்றியும் ஒன்று மிச்சமிருக்கின்றது. ஜினீவாவிலே நல்ல நாணயத்தைக் கட்டி வாங்கிய அந்த நோட்டுகள், முகாமில் வேலை செய்தவனுக்குக் கூலியாகவும், கிழங்கு விற்றவளுக்கு விலையாகவும் போய்ச் சேர்ந்தனவன்றோ? போர் முடிந்தபின், அவற்றை வங்கியிற் கொண்டுவந்து ஒப்படைக்குமாறு நைஜீரியச் சர்க்கார் உத்தரவிட்டது. ஜனங்கள் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தனர். ஆயிரம் கொடுத்தவனுக்கும், அதற்கு மேல் எத்தனை கொடுத்தவனுக்கும், ஆளொன்றுக்கு 20 நைஜீரியப் பவுன் எண்ணிக் கொடுத்துக் கணக்கை மூடினார்கள்.